இதிகாச அனிமேஷன் படங்களின் காட்சித் தேர்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாப்பூரில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் மாதம் ஒருமுறை சிலர் கூடி அனிமேஷன் படங்களைப் பார்த்துப் பேசி வருகிறோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஓவியக் கல்லூரி மாணவர்கள், பேரப்பிள்ளைகளை அழைத்து வரும் பாட்டிமார் எனப் பலரும் வருவார்கள். நான் 14 ஆண்டுகள் கோடம்பாக்கம் பக்கத்தில் ஓர் அனிமேஷன் நிறுவனத்தில் பின்னணி ஓவியனாக வேலை பார்த்தவன். யூகோ சாகோ, ராம் மோகன், கோயிச்சி சசாகி ஆகியோர் இயக்கிய இந்திய-ஜப்பானிய இராமாயண அனிமேஷன் படம் 1992-இல் உருவானது. அது 2025 ஜனவரியில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் திரையரங்குகளுக்கு வந்த பிறகு, எங்கள் மாடியில் ஒரே மாதிரியான கேள்விகள் திரும்பத் திரும்ப எழுந்தன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் அந்த ஒரு படத்துக்கு மட்டுமானவை அல்ல. இதிகாசத்தை வரைந்து காட்டும் எந்தப் படத்துக்கும் பொருந்தும்.

படம் நல்லா இருக்கா, இல்லையான்னு சொன்னா போதாதா? "காட்சித் தேர்வு"ன்னு தனியா என்ன இருக்கு?

படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு அது போதும். ஏன் நன்றாக இருந்தது என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கும்போதுதான் சொல்வதற்கு வேறு ஏதாவது தேவைப்படுகிறது. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் கேமராவுக்கு முன்னால் தானாக வந்து விழுபவை பல உண்டு: காற்றில் அசையும் இலை, நடிகரின் கழுத்தில் அரும்பும் வியர்வை, சுவரில் கடந்து போகும் நிழல். அனிமேஷனில் எதுவும் தானாக வந்து விழுவதில்லை. கைகேயியின் அறையில் ஒரு குத்துவிளக்கு எரிகிறது என்றால் அதை ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அதற்கு எத்தனை முகம், சுடர் நிமிர்ந்து நிற்கிறதா, சாய்கிறதா, அவளுடைய கன்னத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் படுகிறது என்பதையெல்லாம் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவுகளைத்தான் காட்சித் தேர்வு என்கிறோம்.

நிறம், உருவ அளவு, உடை, பின்னணி, பார்க்கும் கோணம் ஆகியவை உடனே கண்ணில் படுபவை. ஒரு அசைவு எத்தனை நேரம் நீடிக்கிறது, எது காட்டப்படாமல் விடப்படுகிறது என்ற இரண்டும் கண்ணில் படாத தேர்வுகள். விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகையோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

வினாடிக்கு 24 படம்னு சொல்றாங்களே, அத்தனையும் கையாலயா வரையறாங்க?

திரையில் வினாடிக்கு 24 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) ஓடுகின்றன. ஆனால் ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தி வைத்தாலும் கண் அதை அசைவாகவே ஏற்றுக்கொள்ளும். ஆகவே வினாடிக்கு 12 ஓவியங்கள் போதும்; தொழிலில் இதை 'டூஸ்' என்போம். மிக விரைவான அசைவுக்கு மட்டும் சட்டத்துக்கு ஓர் ஓவியம் என்று 'ஒன்ஸ்' கணக்கில் வரைவது வழக்கம். மேலே சொன்ன 1992 படம் 135 நிமிடம் ஓடுகிறது. அதாவது 1,94,400 சட்டங்கள், அவற்றில் பாதி 97,200. ஏறத்தாழ 450 ஓவியர்கள் ஒரு லட்சம் ஓவியங்கள் வரை வரைந்தார்கள் என்று அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லப்படுவது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. இது தோராயமே. ஒரு சட்டத்தில் பல செல்கள், அதாவது ஓவியம் தீட்டிய ஒளிபுகும் தாள்கள், அடுக்கப்படுவதும் உண்டு, ஒரே ஓவியம் சில வினாடிகள் அப்படியே நிற்பதும் உண்டு.

ஓவியங்கள் குறைவாக இருப்பதால் மட்டும் படம் மட்டமாகிவிடாது. அசையாமல் நிற்கும் ஒரு காட்சி சிக்கனத்துக்காக நிற்கிறதா, பொருளுக்காக நிற்கிறதா என்று பாருங்கள். வரம் கேட்கப்பட்ட பிறகு தசரதனின் முகம் மூன்று வினாடி உறைந்து நின்றால் அது பொருளுக்காக. காட்டில் மூவரும் நடந்து போகும்போது பின்னால் உள்ள மரங்கள் ஒரு முறைகூட அசையவில்லை என்றால் அது சிக்கனத்துக்காக.

ராமர் நீலமா, பச்சையா, கறுப்பா? எது சரி?

மூன்றும் நம்மிடம் இருக்கின்றன. கங்கைக்கரையை நோக்கி நடந்துபோகும் இராமனைக் கம்பன் "மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ" என்று கேட்கிறான். மை கறுப்பு, மரகதம் பச்சை, கடல் நீலம், மழைமுகில் சாம்பலும் கருமையும் கலந்தது. நான்கையும் சொல்லிப் பார்த்து, எதுவும் போதாமல் "ஐயோ" என்று விட்டுவிடுகிறான். "பச்சை மாமலை போல் மேனி" என்று தொண்டரடிப்பொடி ஆழ்வார் பாடியது நம் பாட்டிமார்களுக்கு மனப்பாடம். ஒரே நிறத்தைப் பிடித்துக்கொண்டு இதுதான் சரி என்று சாதிக்க நம் மரபில் இடமில்லை.

ஓவியருக்கோ ஒரு நிறத்தைத் தேர்ந்தாக வேண்டும். ஆகவே எந்த நிறம் என்பதைவிட, அந்த நிறம் மாறும் வெளிச்சத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதே பயனுள்ள கேள்வி என்பேன். வெளிர்நீல மேனி பகலில் அழகாக இருக்கும். இரவுக் காட்சியிலும் பின்னணி நீலம்தான் என்பதால், உருவம் இருட்டோடு கரைந்து போகும். அதைத் தவிர்க்க உடலைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டால் ஒட்டிவைத்த அட்டை போல நிற்கும். கம்பன் ஒரு வழியைக் காட்டுகிறான். அதே பாட்டில் இராமனின் மேனிச் சோதியில் கதிரவனின் ஒளியே மறைந்துபோகிறது. அதாவது வெளிச்சம் அவன்மேல் விழுவதில்லை, அவனிடமிருந்து வருகிறது. அப்படி வரைந்தால் பக்கத்தில் நிற்பவர்களின் முகத்திலும் ஆடையிலும் அந்த ஒளி பட்டாக வேண்டும். பொன்னிறத்து இலக்குவனின் தோளில் ஒரு பச்சைச் சாயல் விழுந்தால், இராமனை ஒரு சட்டத்தில்கூடக் காட்டாமலேயே அவன் அங்கே இருப்பதைச் சொல்லிவிடலாம்.

ராமருக்கு மீசை வைக்கலாமா? வீட்டுல பெரிய சண்டையே வந்துடுச்சு.

திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் மூலவர் வேங்கடகிருஷ்ணன் பெரிய மீசையோடு நிற்கிறார். உற்சவரின் முகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட வடுக்கள் இருப்பதாக மரபு. பெருமாளை மீசையோடும் வடுவோடும் சேவிக்கும் ஊர் இது. எனவே மீசை என்ற ஒன்றையே தவறு என்று சொல்ல முடியாது.

ஆனால் அங்கே மீசைக்குக் காரணம் இருக்கிறது: அவர் தேரோட்டி, போர்க்களத்தில் நிற்பவர். படத்தில் மீசை வைத்திருந்தால், அது கதைக்குள் எதைச் செய்கிறது என்று கேளுங்கள். காட்டில் 14 ஆண்டுகள் கழிந்ததைக் காட்டுகிறதா, அல்லது கதாநாயகன் என்றால் இப்படித்தான் என்ற திரைப்பட வழக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதா?

பரதனும் ராமரும் ஒரே மாதிரி இருக்காங்க. குழந்தைங்களுக்கு யார் யாருன்னே தெரியல. இது தப்புதானே?

தப்பில்லை. அப்படி வரைந்தவர் படித்திருக்கிறார் என்று பொருள். இராமனை அழைத்துப் போகப் படையோடு வரும் பரதனை எதிரி என்று நினைத்துக் கரையில் காத்திருக்கும் குகன், அருகில் பார்த்ததும் "நம்பியும் என் நாயகனை ஒக்கின்றான்" என்று திகைக்கிறான். பக்கத்தில் நிற்பவன் தம்பி இலக்குவனை ஒத்திருக்கிறான் என்கிறான். அவனுடைய கோபம் அந்த ஒற்றுமையைக் கண்ட கணத்தில்தான் உடைகிறது. பரதனுக்கு வேறு நிறமும் வேறு முகவெட்டும் கொடுத்துவிட்ட படத்தில், குகன் அந்தச் சொல்லைச் சொன்னால் பார்ப்பவர் நம்பமாட்டார்.

எந்தப் பாத்திர வடிவத்தையும் நான் இப்படித்தான் சோதிக்கிறேன். ஒரு பாத்திரம் படம் முழுக்க எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து வைத்த மாடல் ஷீட்டைத் தனியாகப் பார்த்து அழகு, அழகில்லை என்று சொல்வதில்லை. கதையில் பின்னால் வரும் காட்சி நடக்க அந்த வடிவம் இடம் கொடுக்கிறதா என்று பார்க்கிறேன். குழந்தைகளுக்குக் குழப்பம் வராமல் இருக்க நடை, குரல், தலைமுடி, ஆடை என்று வேறு வழிகள் ஏராளமாக உண்டு.

மூலத்துல இல்லாததைக் காட்டினா தப்பா? கம்பராமாயணம் படிச்சவங்கதான் விமர்சிக்கணுமா?

இலக்குவன் கிழித்த கோடு வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. ஆனாலும் அந்தக் கோடு இல்லாமல் படம் எடுத்தால் அரங்கில் பாதிப் பேர் குறை சொல்வார்கள். கம்பனே மூலத்தில் இல்லாததைச் செய்தவன்தான். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் அவளைத் தொடாமல் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்து எடுத்துப் போகிறான். மிதிலை வீதியில் இராமனும் சீதையும் ஒருவரையொருவர் நோக்கியதும் கம்பன் சேர்த்ததே. ஆகவே "மூலத்தில் இல்லை" என்பது குற்றச்சாட்டாக நிற்காது. சேர்த்தது எதற்குப் பயன்பட்டது என்பதே வழக்கு.

படித்தவர்தான் பேச வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் எந்த இராமனோடு ஒப்பிடுகிறோம் என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. "ராமர் இப்படி இருக்கமாட்டார்" என்று எங்கள் மாடியில் சொல்பவரிடம் எந்த ராமர் என்று கேட்டால், பெரும்பாலும் தொலைக்காட்சித் தொடரில் பார்த்த நடிகரின் முகமோ பூஜையறைக் காலண்டரோ பதிலாக வரும். அவையும் மதிக்கத்தக்க அளவுகோல்களே. பெயரைச் சொல்லிவிட்டு அளந்தால் போதும்.

வில் ஒடியற காட்சியைப் பத்தி ஏன் இவ்வளவு பேசறீங்க? அது ஒரு நிமிஷக் காட்சிதானே?

அனிமேஷனுக்கு நேரம்தான் உயிர் என்பதை நம் மொழியில் அதைவிடத் தெளிவாகச் சொன்ன இடத்தை நான் அறியேன். இராமன் வில்லை எடுத்ததை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அவன் அதைக் காலில் மிதித்ததையும் நாணை ஏற்றியதையும் பார்க்கவில்லை, அத்தனை விரைவு. "எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்." எடுத்ததுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஒடிந்தது காதில்தான் விழுந்தது. வால்மீகியில் ஒடியும் ஓசையில் கூட்டம் விழுந்துபோகிறது. கம்பன் அதற்கு முன்னால் ஒரு வெற்றிடத்தை வைத்துவிட்டான். இதைத் திரையில் வில் வளைவது, விரிசல் விடுவது, பொறி பறப்பது, மெதுவாக இரண்டாகப் பிரிவது என்று நான்கு கோணங்களில் காட்டும்போது, கவிஞன் மறைத்ததையெல்லாம் படம் காட்டிவிடுகிறது. பிரமாண்டம் கூடுகிறது, விரைவு போய்விடுகிறது.

எங்களோடு வரும் ஓவியக் கல்லூரி மாணவர் ஒருவர் இந்த நாலு வரியைப் பென்சிலில் வரைந்து ஓட்டிக் காட்டினார். வில்லை எடுப்பதற்கு இரண்டு வினாடி, 24 ஓவியங்கள்; அதோடு இராமனை விட்டுவிட்டு அவையில் இருந்த மக்களின் முகங்களுக்குப் போய்விட்டார். முதல் முறை ஒடியும் ஓசையை முகங்கள் தோன்றும் அதே சட்டத்தில் வைத்திருந்தார். தமிழாசிரியர் பார்த்துவிட்டு, "கேட்டார் என்பது பாட்டில் கடைசிச் சொல், தம்பி" என்று மட்டும் சொன்னார். ஓசையை நான்கு சட்டங்கள் தள்ளி வைத்ததும் காட்சியே மாறிப்போனது. முகங்கள் முதலில் காத்திருந்தன, பிறகு கேட்டன.

இன்னொன்றும் அன்று கண்டோம். முகம் உயிரோடு இருப்பதாகத் தோன்ற இடையிடையே கண் இமைக்க வைப்பது அனிமேஷனில் அடிப்படைப் பழக்கம். மாணவரும் பழக்கத்தில் இமைக்க வைத்திருந்தார். "இமையாமல் இருந்தவர்" என்று பாட்டே சொல்வதால் அத்தனை இமைப்புகளையும் நீக்கினோம். ஓசை கேட்ட பிறகு வரும் முதல் இமைப்பு அப்போதுதான் பெரிதாகத் தெரிந்தது.

காட்டுக்குப் போற சீதை நகை போட்டுக்கிட்டா போவாங்க? எல்லாப் படத்துலயும் தகதகன்னு இருக்காங்களே?

வால்மீகியில் சீதை அணிகலன்களோடுதான் புறப்படுகிறாள்; அனசூயையும் ஆடை அணிகளைத் தருகிறாள். கம்பனிலோ அவளே உள்ளே போய் மரவுரியை உடுத்திக்கொண்டு வந்து இராமன் பக்கத்தில் நிற்கிறாள். இரண்டிலும் நகைகளுக்குக் கதையில் வேலை உண்டு. கவர்ந்து செல்லப்படும்போது அவள் கீழே போடும் அணிகளின் முடிச்சைச் சுக்கிரீவன் காட்ட இராமன் அடையாளம் காண்கிறான். எனவே நகையே இல்லாமல் வரைந்தாலும் இடிக்கும். உடல் நிறைய நகையைப் போட்டு, விமானத்திலிருந்து முடிச்சைப் போட்ட பிறகும் அதே நகைகளோடு அசோகவனத்தில் உட்காரவைத்தால் இன்னும் இடிக்கும். இரண்டாவது பிழையை நான் பல படங்களில் பார்த்திருக்கிறேன். மாடல் ஷீட்டில் ஒரே ஒரு சீதை இருந்திருப்பாள்; அதுதான் காரணம்.

சூடாமணியைக் கவனியுங்கள். அனுமனிடம் கொடுக்க அவள் அதைத் தலையிலிருந்து கழற்றுவதாகவே பெரும்பாலும் வரைகிறார்கள். "ஆடையின்கண் இருந்தது" என்பது கம்பன் வாக்கு. தலையில் அணிய வேண்டியதை அழுக்கேறிய சேலையில் முடிந்து, இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் காத்திருக்கிறாள். முடிச்சை அவிழ்க்கும் இரண்டு கைகளை மட்டும் நெருக்கத்தில் காட்டினால் பத்து மாதச் சிறை முழுவதும் அந்த விரல்களில் வந்துவிடும். கழற்றுவது ஓர் அசைவு. அவிழ்ப்பது வேறு அசைவு. அதற்கு நேரம் எடுக்கும், விரல் நடுங்கும், முடிச்சு இறுகியிருக்கும். வரைவதற்குக் கடினம்தான், ஆனால் வரையத் தகுந்தது.

பத்துத் தலையை வரிசையா வெச்சா சிரிப்பு வருது. வேற எப்படித்தான் வரையறது?

கல்லிலும் தோலிலும் இந்தச் சிக்கல் எழவில்லை, ஏனென்றால் சிற்பத்தில் இராவணன் ஒரு பக்கம் பார்த்து நிற்கிறான். தோற்பாவைக் கூத்தில் பாவை தட்டையானது. படத்தில் அவன் திரும்ப வேண்டும். பக்கவாட்டில் திரும்பியதும் ஒரு காதுக்குப் பின்னால் அடுத்த முகம் மறையும், தோள்மீது தலைகள் மோதும், பேசும்போது எந்த வாய் அசைய வேண்டும் என்ற கேள்வியும் வரும்.

வால்மீகியின் சுந்தரகாண்டத்தில் உறங்கும் இராவணனை அனுமன் பார்க்கும்போது இரண்டு கைகளே பேசப்படுகின்றன. அதைப் பிடித்துக்கொண்டு, இயல்பில் ஒரு தலை, சினத்திலும் போரிலும் பத்து என்று வைத்த படங்களை நான் ஏற்கிறேன். பத்தும் எப்போதும் இருக்கும் என்று வைத்தாலும் ஏற்பேன், அப்படியானால் பத்து முகங்களும் வாழ வேண்டும். நடு முகம் பேசும்போது மற்ற ஒன்பதும் அதே உதட்டசைவைப் படி எடுத்தாற்போலச் செய்வதுதான் சிரிப்பை வரவழைக்கிறது.

அரக்கர்களைக் கறுப்பா, கோரமா வரையறாங்களேன்னு சிலருக்குக் கோபம் வருது. அது நியாயமான விமர்சனமா, இல்ல அரசியலா?

நியாயமான விமர்சனம். நான் அதை முழு மனத்தோடு சொல்கிறேன். இராமனின் நிறம் பற்றிய பதிலைத் திரும்பப் பாருங்கள்: நம் கவிதையில் கருமை அழகின் நிறம். நாயகனை வெளுப்பாக்கி, எதிரியைக் கறுப்பாக்கி, அவனுக்குத் தடித்த உதட்டையும் சுருள் முடியையும் கொடுத்து வரையும் பழக்கம் காவியத்திலிருந்து வந்ததில்லை. அதைப் பார்க்கும் குழந்தை தன் தோலையும் தன் தாத்தாவின் முகத்தையும் எந்தப் பக்கம் வைக்கும் என்று வரைகிறவர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெறும் கதையின் கண்ணோடு பார்த்தாலும் அந்தப் பழக்கம் தோற்றுப்போகும். இலங்கையில் தேடும் அனுமன் உறங்கும் மண்டோதரியைக் கண்டு, ஒரு கணம் இவள்தான் சீதையோ என்று கலங்குகிறான். அரக்கியர் எல்லோருக்கும் கோரைப்பல் வைத்துவிட்ட படத்தில் இந்தக் காட்சி நடக்கவே வழியில்லை. எடுத்தவர்களும் அதனால்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பரதன் பற்றிய கேள்வியில் சொன்ன சோதனை இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

ஜப்பான்காரங்க வரைஞ்ச கண்ணு, மூக்கு நம்மூரு மாதிரி இல்லையே?

நம்மூர் மாதிரி என்று நாம் நினைக்கும் காலண்டர் முகத்துக்கும் கலப்பு வரலாறு உண்டு. ரவிவர்மா ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையைக் கற்று, 1894-இல் பம்பாய்ப் பக்கம் அச்சகம் தொடங்கி, தெய்வப் படங்களை வீடுதோறும் கொண்டுசேர்த்தார். பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்தவை சிவகாசி அச்சில் நம் சுவர்களுக்கு வந்தன. பாட்டி காலத்தில் புதிதாக இருந்தது பேரன் காலத்தில் மரபாகிவிட்டது. பெரிய கண்களுக்காக மட்டும் ஒரு படத்தை அந்நியம் என்று தள்ளாதீர்கள். உட்காரும் விதம், கைகூப்பும் உயரம், பெரியவர் முன் நிற்கும் நிலை போன்றவற்றைப் பாருங்கள். அவை தவறினால்தான் உண்மையான அந்நியம்.

கம்ப்யூட்டர்ல பண்ற முப்பரிமாணப் படத்துல முகம் மெழுகு பொம்மை மாதிரி இருக்கே, ஏன்?

மனிதத் தோலுக்குள் ஒளி சற்றே ஊடுருவிச் சிதறி வெளியே வருகிறது. காது மடலை விளக்குக்கு எதிரே பிடித்தால் சிவப்பாகத் தெரிவது அதனால்தான். அதைக் கணித்து வரைய ரெண்டரிங்குக்கு, அதாவது கணினி ஒவ்வொரு சட்டத்தையும் படமாக்கும் வேலைக்கு, நேரமும் பணமும் அதிகம் தேவை. குறைத்தால் மெழுகு போல் ஆகும். கூடவே இன்னொன்று: உருவம் மனிதரை நெருங்க நெருங்க, எஞ்சியிருக்கும் சிறு பிசகும் பெரிதாக உறுத்தும். ஜப்பானிய ஆய்வாளர் மசாஹிரோ மோரி இதை 1970-இலேயே எந்திர உருவங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் வடக்குப்பனையூரிலிருந்து வந்த சோழர் கால இராமர் வெண்கலச் சிலைத் தொகுதி இருக்கிறது. அந்த இராமனுக்குத் தோலின் துளைகள் இல்லை, தலைமுடி தனித்தனி இழையாக இல்லை, கையில் வில்கூட இல்லை. வில்லைப் பிடிக்கும் கையும் அதற்கேற்ப வளைந்த இடுப்புமே இருக்கின்றன. வில்லை நாம் பார்த்துவிடுகிறோம். முப்பரிமாணப் படம் செய்கிறவர்கள் நடிகரின் அசைவைப் பதிவு செய்து முகத்துக்குத் துளை துளையாக உயிர் கொடுக்கப் பாடுபடுகிறார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் பாந்தியன் சாலையில் உள்ள அந்த அருங்காட்சியகத்தில் ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டுவிட்டு வந்து அந்த வேலையைத் தொடங்கினால் நிற்கும் நிலை வேறாக இருக்கும்.

தமிழ்ல உதடு ஒட்டவே இல்லையே?

அது காட்சித் தேர்வின் குறை அல்ல. 1992 படம் ஆங்கில உரையாடலுக்கு வரையப்பட்டது. அதன்மேல் தமிழ் ஏறியிருக்கிறது. உதட்டை விட்டுவிட்டு, சொல் விழும் இடத்தில் கையோ புருவமோ அசைகிறதா என்று பாருங்கள். மொழிமாற்றம் செய்தவரின் திறமை அங்கே தெரியும்.

அயோத்தியில தென்னிந்தியக் கோபுரம் வரலாமா?

நான் வேலையில் சேர்ந்த புதிதில் அயோத்தி நகரப் பின்னணி ஒன்றில் ஏழு நிலை இராஜகோபுரம் வரைந்தேன். மேற்பார்த்த மூத்த ஓவியர் திருத்தாமல் என்னிடமே கேட்டார்: "அரண்மனையைவிடக் கோபுரம் உயரமா இருக்கே, இந்த ஊர்ல தசரதன் யாரு?" வானளாவும் வாயிற்கோபுரங்கள் பிற்காலச் சோழர், விஜயநகரக் காலங்களில் எழுந்தவை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கேட்டது காலத்தைப் பற்றி அல்ல. ஒரு காட்சியில் மிக உயரமாக நிற்பது எதுவோ அதுவே அங்கே ஆள்கிறது என்பதைப் பற்றி.

கம்பன் கோசல நாட்டைப் பாடும்போது மயிலாட, தாமரை விளக்கேந்த, வண்டு யாழிசைக்கும் மருத நிலத்தைப் பாடினான். அது காவிரிக்கரையின் வயல். அதற்காக யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. தமிழ் மண்ணின் பச்சை அயோத்தியில் படரலாம். கட்டடம் மட்டும் கதையின் அதிகாரத்தைக் குலைக்காமல் இருக்க வேண்டும்.

அக்கினிப் பிரவேசத்தை எப்படிக் காட்டினாலும் மனசு கஷ்டமா இருக்கு. அதை விட்டுடறது நல்லதில்லையா?

விடுவதும் ஒரு தேர்வே. குழந்தைகளுக்கான படத்தில் விட்டால் நான் குறை சொல்லமாட்டேன். காட்டுவதென்றால் யாருடைய கண்ணால் காட்டுகிறார்கள் என்பதை முதலில் கேட்பேன். கேமரா இராமனின் முகத்திலேயே நின்றால் அது அவனுடைய துயரக் காட்சி ஆகிவிடும். கூட்டத்தின் பின்னாலிருந்து பார்த்தால் வேடிக்கை. சீதையின் பின்னால் நின்று, அவள் காணும் நெருப்பையும் அதற்கு அப்பால் நிற்பவர்களையும் ஒரே சட்டத்தில் வைத்தால் அது அவளுடைய காட்சி.

பிறகு நெருப்பைப் பற்றிக் கேட்பேன். பெரும்பாலான படங்களில் அவள் நுழைந்ததும் தீ ஓங்கி எழுகிறது. திரை முழுக்க ஆரஞ்சு. கம்பனில் அப்படி இல்லை. அவள் பாய்ந்ததும் அவளது கற்பின் தீயில் அந்த எரி "பாலின் பஞ்சு எனத் தீய்ந்தது." வெந்தது நெருப்பு. அக்கினி தேவனே சூடு தாங்காமல் அவளை ஏந்திக்கொண்டு எழுந்து முறையிடுகிறான். இதை வரைய ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது: சுடர்கள் கீழிறங்க வேண்டும், ஓரங்களிலிருந்து கருகிச் சுருங்க வேண்டும், திரையில் அதுவரை எல்லோர் முகத்திலும் ஆடிய சிவப்பு ஒவ்வொருவர் முகத்திலிருந்தாக அகல வேண்டும். கடைசியாக இராமனின் முகத்திலிருந்து.